காணாமல் போன துறைமுகம்

காலை ஒன்பதரை மணிக்குத் துறைமுகக் கூட்டம் நடக்கும் கூடத்தைத் திறந்த காவலாளி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு "அக்கா!" என்று அலறினான். துறைமுகத்தைக் காணோம்.

நிஜத் துறைமுகம் ஜன்னலுக்கு வெளியே பத்திரமாகத்தான் இருந்தது. காணாமல் போனது, புதிய திட்டத்தைக் காட்டுவதற்காகச் செய்த மர மாதிரி. ஒரு ஆள் படுத்துப் புரளலாம், அவ்வளவு பெரியது. சுற்றிலும் உயரமான சட்டம் அடித்து, உள்ளே கரை, கிடங்கு, படகு என்று எல்லாவற்றையும் அச்சு அசலாக ஒட்டியிருந்தார்கள். இப்போது அதைத் தாங்கிய கட்டைகள் மட்டும் அம்போவென்று நின்றன.

ஓடிவந்த அக்கா, வருகிற கப்பல்களில் ஏறி அவற்றைத் துறைமுகத்துக்குள் வழிநடத்துபவள். ஊருக்கு அவள் பைலட்டம்மா. துறைமுகம் ஊருக்குச் சொந்தம். அறங்காவலர் குழு அதைப் பார்த்துக்கொள்ள மட்டும்தான். ஒரு முழ நிலம் கைமாறுவதென்றாலும் ஊருக்குக் காட்டியாக வேண்டும் என்பது விதி. காகித வரைபடம் யாருக்கும் புரியவில்லை என்று போன கூட்டத்தில் மல்லுக்கட்டி, இந்த மாதிரியைச் செய்ய வைத்ததே அவள்தான். இன்று அதை ஊர் பார்த்த பிறகுதான் தீர்மானம்.

பத்து மணிக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் நீள மேசைக்குப் பின்னால் குழுவினர் வரிசையாக அமர்ந்தார்கள். விரித்திருந்த பச்சைத் துணிக்குக் கீழே அவர்களுடைய செருப்புகள் தெரிந்தன. குட்டையான தலைவர், வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தையை நாற்காலியில் போட்டு ஏறி உட்கார்ந்தார். "முதுகு வலி" என்றார், யாரும் கேட்காமலே. பக்கத்திலிருந்த செயலர் முழங்கையைத் தூக்கித் தூக்கி எழுதப் பாடுபட்டார்.

"மாதிரி திருடு போயிடுச்சு" என்றார் தலைவர். "சாவி காவலாளிகிட்ட இருந்தது. போலீஸுக்குச் சொல்லியாச்சு. அதுக்காக வேலை நிக்கக் கூடாது. திட்டத்தை வாயாலயே விளக்கிடறேன், தீர்மானத்தை முடிச்சிடலாம்."

காவலாளித் தம்பியின் முகம் செத்துப்போனது. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, நேத்து சாயங்காலம் யாருக்குக் கதவைத் திறந்துவிட்ட?"

"தலைவருக்குத்தான்க்கா. நாற்காலி போடணும்னு நாலு ஆளோட வந்தாரு."

"நீ எங்க இருந்த?"

"வாசல்ல. உள்ள சாத்திக்கிட்டாங்க."

"போகும்போது?"

"வெறுங்கையோடதான் போனாங்க. நான்தான் பூட்டினேன்."

தலைவர் சிரித்தார். "கேட்டுக்கிட்டீங்களா? அவனே ஒத்துக்கறான்."

அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. கூட்டத்தில் நின்ற, மாதிரியைச் செய்த தச்சரைப் பார்த்தாள். "அண்ணே, அது இந்தக் கதவு வழியா வெளிய போகுமா?"

"எப்படிம்மா போகும்? சாய்ச்சாலும் நுழையாது. பலகையைக் கொண்டாந்து இங்கயேதானே அடிச்சோம். ஜன்னல்லயும் கம்பி. உடைச்சாத்தான் போகும்."

"உடைச்சிருந்தா வாசல்ல நின்னவனுக்குச் சத்தம் கேட்டிருக்கும். தரையில ஒரு சிராய் கூட இல்ல. அப்போ அது எங்கயும் போகல. இங்கதான் இருக்கு."

அவள் மேடை மேசையைக் கையால் காட்டினாள்.

"இந்தப் பச்சைத் துணி எப்பவும் தரையைக் கூட்டும். இன்னைக்கு மட்டும் ஏன் உங்க செருப்பு தெரியுது? செயலர் சாருக்கு மேசை ஏன் நெஞ்சு வரைக்கும் வருது? ஒரே ராத்திரியில மேசை வளந்துடுச்சா?"

செயலர் பேனாவைக் கீழே வைத்தார். துணியை மெல்லத் தூக்கிப் பார்த்தவர், திடுக்கிட்டு எழுந்தே விட்டார்.

"மாதிரியைக் குப்புறக் கவுத்து மேசை மேல வெச்சு, துணியைப் போட்டு மூடியிருக்கு. சட்டம் உயரமா இருக்கறதால உள்ள இருக்கறது நசுங்காது. குழுவில மத்தவங்களுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா இப்படி முழங்கையைத் தூக்கிட்டு அவஸ்தைப்பட மாட்டாங்க. மேசை உசரமா இருக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சவர் ஒருத்தர்தான். மெத்தையோட வந்தவர்." அவள் தலைவரை நேருக்கு நேர் பார்த்தாள். "முதுகு வலிக்கு மெத்தையை முதுகுக்குத்தானே வைப்பாங்க, தலைவரே?"

தலைவரின் கை தானாக மெத்தையின் மேல் போனது.

யார் துணியை உருவினார்கள் என்று தெரியவில்லை. தண்ணீர்க் குவளைகள் உருண்டன. தச்சரும் படகுக்காரர்களும் மேடையேறி மாதிரியைத் தூக்கிப் புரட்டி வைத்தார்கள். ஊரே அதன் மேல் குனிந்தது. மீன்பிடிப் படகுகளைக் கட்டி நிறுத்தும் கரை நெடுக ஒரே கிடங்கு. அதன் கூரையில் ஒரு கம்பெனியின் கொடி. வரைபடத்தில் வெறும் கோடாக இருந்தது, இங்கே பச்சைப் பிள்ளைக்கும் விளங்கியது.

சொந்தப் படகு வைத்திருக்கும் மீன்காரம்மா அந்தக் கூரையில் விரலை ஊன்றினாள். "இதுதான் எங்க இடம். எங்க படகெல்லாம் எங்க நிக்கும்?"

"கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது!" தலைவர் மெத்தையை வாரிக்கொண்டு எழுந்தார்.

ஒருவரும் அசையவில்லை. காவலாளி கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் நின்றான்.

"போகணும்னா தாராளமா போங்க" என்றாள் அவள். "போலீஸ் வர்ற நேரந்தான், நீங்கதானே கூப்பிட்டீங்க. ஆனா இது எங்க துறைமுகம், எங்க கூட்டம். அந்தம்மா கேட்டதுக்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்ற வரைக்கும் நாங்க இங்கிருந்து நகர மாட்டோம்."

செயலர் தயங்கித் தயங்கி மேடையிலிருந்து இறங்கினார். ஊரோடு சேர்ந்து குனிந்து, அந்தக் கிடங்கை முதல்முறையாக உற்றுப் பார்த்தார்.