சரி என்று சொன்னால் மாற்ற முடியாது

“அந்தப் பக்கம் எடுக்காதீங்க...”

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். மினோரி திரும்பிப் பார்த்தாள்.

முதலில் தெரிந்தது ஒரு தொப்பி. ஒசாகா அணியின் கருநீலத் தொப்பி. அதற்குக் கீழே மழையில் நனைந்த நெற்றி... அதற்கும் கீழே இரண்டு கண்கள். இப்போதுதான் தூங்கி எழுந்தது போல, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத கண்கள். அந்தக் கண்களில் குறை கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. ஆகவே தொப்பியை முறைத்தாள்.

செண்டாய் ஊரில், உள்ளூர் அணியின் வருடக் கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க நிற்கும் வரிசையில், ஒசாகா தொப்பியோடு வந்து நிற்கிறான் என்றால் எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்?

கவுண்டரில் இருந்த பெண் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ராப்பகலாகத் திறந்திருக்கும் கடை அது. சோற்று உருண்டையும் குடையும் விற்கிற அதே கவுண்டரில்தான் பேஸ்பால் டிக்கெட்டும். அச்சாகி வந்த டிக்கெட்டுகளை இரண்டு கைகளாலும் ஏந்தி, மினோரியின் முகத்துக்கு நேரே காட்டி, எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னாள்.

“சனிக்கிழமை ஆட்டம். முதல் பேஸ் பக்கம், ரசிகர் பகுதி. பெரியவங்க ரெண்டு பேர். இதெல்லாம் சரிதானா? சரின்னு சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாதுங்க.”

“சொல்லிடாதீங்க. ஒரே நிமிஷம்...” என்றான் தொப்பிக்காரன்.

அந்த இழுப்பு... ஒசாகாப் பேச்சின் அந்த இழுப்பு மினோரிக்கு நன்றாகத் தெரியும். கோபேயில் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த காலமெல்லாம் அதைக் கேட்டு அலுத்தவள். முன்பின் தெரியாதவர்களுக்கு வலிய வந்து புத்தி சொல்வது அவர்கள் பழக்கம். அங்கே எந்த மைதானத்துக்குப் போனாலும் உள்ளூர்க்காரர்கள் முதல் பேஸ் பக்கம், வந்தவர்கள் மூன்றாம் பேஸ் பக்கம். அதுகூடத் தெரியாதவளா இவள்?

“செண்டாய்க்காரிக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுக்கத்தான் ஒசாகாவுலேர்ந்து வந்தீங்களா?”

“இல்லங்க, உங்க குடை செண்டாய் அணி மாதிரி சிவப்பா இருக்கு, அதனாலதான்...”

“என் குடை எந்த நிறத்துல இருந்தா உங்களுக்கென்ன?” அவள் கவுண்டர் பக்கம் திரும்பினாள். சந்தேகம் லேசாக எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் அவன் எதிரில் எப்படிக் காட்டிக்கொள்வது?

“சரிதான்” என்றாள், அழுத்தமாக.

வெளியே கூரையடியில் நின்று, டிக்கெட்டுகள் நனையாமல் கைப்பையில் வைத்தாள். அப்பாவுக்கு உடனே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

மே மாதத்தில் அம்மா இறந்துபோனாள். மினோரி கோபே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். அவராக வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. கோடை முழுவதும் வீடு அப்படித்தான் இருந்தது. நேற்று மாலை, மிசோ சூப்பைக் கீழே வைத்துவிட்டு, திடீரென்று சொன்னார். “கடைசி ஆட்டத்துக்குப் போகணும்மா. உங்கம்மா கசுயோ வருஷா வருஷம் கூட்டிட்டுப் போவா இல்ல... அவ டீம் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போகலாம்னு பாக்கறேன்.”

மினோரி எழுந்து அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா திரும்பி வருகிறார்... அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. இந்தக் கதவை மட்டும் மறுபடியும் மூடவிடக் கூடாது.

“அப்பா, டிக்கெட் கிடைச்சிடுச்சு. முதல் பேஸ் பக்கம், ரசிகர்களோடயே.”

போனில் அப்பாவின் குரல் இறங்கியது.

“அது அவங்க பக்கமாச்சேம்மா. நம்ம ஊர்ல மட்டும் தலைகீழ். நாம மூணாம் பேஸ் பக்கம்.” பிறகு, “பரவாயில்ல விடு” என்றார்.

பரவாயில்லை... வேறு எதையாவது சொல்லித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா ஒவ்வொரு வருடமும் மைதானத்திலிருந்து ஒரு படம் அனுப்புவாள். அப்பாவும் அவளும் சிவப்புச் சட்டையில், தலையோடு தலை ஒட்டி. மினோரியும் உடனே ஒரு சிரித்த முகத்தைத் தட்டி அனுப்பிவிடுவாள். எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது பார்த்தாளா? பார்க்கவில்லை. பெற்ற தாய் எங்கே உட்காருவாள் என்பது கூடத் தெரியாமல், நடுக்கடையில் நின்று, சரிதான் என்று அழுத்திச் சொல்லியிருக்கிறாள்.

உள்ளே ஓடினாள். கடை மூலையிலிருந்த டிக்கெட் மெஷினில் மறுபடியும் தேடினாள். எல்லாப் பகுதியும் விற்றுத் தீர்ந்திருந்தது. வெளியே வந்தபோது, கூரையடியில் அவன் நின்றிருந்தான்.

“சிரிக்கிறதுன்னா சிரிச்சுட்டுப் போங்க” என்றாள்.

“எனக்கு அந்த யோக்கியதை இல்லீங்க.” அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்துக் காட்டினான். மூன்றாம் பேஸ் பக்கம், ரசிகர் பகுதி. “ஒசாகாவுல நாங்க முதல் பேஸ் பக்கம். இங்கே நான் வெளியூர்க்காரன். அப்ப எதிர்ப் பக்கமாத்தானே இருக்கும்னு ரொம்ப யோசிச்சு இதை எடுத்தேன். யோசிக்காம எடுத்திருந்தா சரியா இருந்திருக்கும்.”

அவள் உதடு துடித்தது. சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

“இன்னைக்கு ஆபீஸ்ல காட்டினேன். மத்தியானம் பூரா சிரிச்சாங்க. மாத்தித் தருவாங்களான்னு கேக்கத்தான் வரிசையில நின்னேன்... இதை நீங்க வாங்கிக்குங்க.”

“நாங்க ரெண்டு பேரு. அப்பாவும் நானும்.”

“அப்ப ஒருத்தர் இதுல போகட்டும். உங்க டிக்கெட்ல ஒண்ணை எனக்குக் கொடுங்க. மிச்சம் ஒண்ணுல...” அவன் நிறுத்தினான். மிச்சம் ஒன்று யாருடைய பக்கத்து இருக்கை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவன் காது மடல்கள் சிவந்தன.

“தெரியாத ஆளு பக்கத்துல உக்காந்து, எதிரணிக்குக் கை தட்டச் சொல்றீங்களா? வேண்டாங்க. ரொம்ப நன்றி.”

உண்மையில் அதுவல்ல காரணம். தன் தப்பைக் கண்ணால் பார்த்தவனிடமே கை நீட்டுவதா என்ற வீம்புதான். அவள் குடையை விரித்தாள்.

“என் பேரு தெராவோ. லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்” என்றான் அவன், மழையைப் பார்த்துக்கொண்டே. “சனிக்கிழமை முதல் பேஸ் வாசல்ல, கடிகாரத் தூண்கிட்ட நிப்பேன். வேணும்னா வாங்க. லிஃப்ட் நின்னுட்டா இந்த ஊர்ல எல்லாரும் எனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு நாள் நான் காத்திருந்தா ஒண்ணும் குறைஞ்சுடாது.”

அவள் மழையில் இறங்கி நடந்தாள். வீடு வரும்வரை அந்தக் கண்கள் கூடவே வந்தன. ச்சே... என்ன இது.

சனிக்கிழமையும் தூறிக்கொண்டுதான் இருந்தது.

அம்மாவின் சட்டை அப்பாவுக்குத் தோளில் பிடித்தது. பித்தான் போட முடியாமல் திறந்தபடியே அணிந்து, மேலே மழைக்கோட்டு போட்டிருந்தார். முதல் பேஸ் வாசலில் கோட்டைக் கழற்றிக் கையில் எடுத்ததும், டிக்கெட் பார்க்கிற பெண் இடுப்புவரை குனிந்து வணங்கினாள்.

“ரொம்ப மன்னிக்கணும்யா. இது வெளியூர் ரசிகர்கள் பகுதி. உள்ளூர்ச் சட்டையோட விட முடியாது. கோட்டை மேல போட்டு மூடிக்கிட்டீங்கன்னா...”

அந்த விதி ஊருக்கே தெரியும். மினோரிக்கும் தெரியும். எப்படியாவது கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள் என்று நம்பியிருந்தாள்.

அப்பா கோபப்படவில்லை. சட்டையின் ஓரத்தை விரலால் நீவினார். “இவளை மூடி வெச்சுக்கவா கூட்டிட்டு வந்தேன்?” என்றார், மெதுவாக. “வாம்மா, வீட்டுக்குப் போகலாம்.”

திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். கோடை முழுவதும் பார்த்த அதே முதுகு. இப்போது போனால் அப்பா மறுபடி எதையும் கேட்க மாட்டார்... அது மினோரிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உள்ளே மேளச் சத்தம் எழுந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது.

கடிகாரத் தூணடியில் ஒரு கருநீலத் தொப்பி. தோள்கள் இரண்டும் தெப்பலாக நனைந்திருந்தன. ஆட்டம் தொடங்கியும் உள்ளே போகாமல் நின்றிருந்தான், பைத்தியக்காரன்.

மினோரி நேராகப் போய் அவன் முன்னால் நின்று, தலை தாழ்த்தினாள்.

“அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும். என் தப்புதான். அந்த டிக்கெட் எங்கப்பாவுக்கு வேணும்... கொடுப்பீங்களா?”

அவ்வளவு பெரிய வீம்பு இவ்வளவு சுலபமாகக் கரையும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அவன் டிக்கெட்டை இரண்டு கைகளாலும் நீட்டினான்.

அப்பா திரும்பி வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒசாகாவா?”

“ஆமாங்கய்யா.”

“இன்னைக்கு நீங்க தோக்கணும்.”

“கண்டிப்பாங்கய்யா. எங்க பசங்க இந்த வருஷம் யாரு கேட்டாலும் மறுக்கறதில்ல.”

அப்பா சிரித்தார். சிறிய, கமறலான சிரிப்பு. மே மாதத்துக்குப் பிறகு மினோரி கேட்கிற முதல் சிரிப்பு. “பொண்ணைப் பாத்துக்குங்க. எதிரணிப் பக்கம்னாலும் கத்திடுவா” என்று சொல்லிவிட்டு, சிவப்புச் சட்டையோடு மூன்றாம் பேஸ் வாசலை நோக்கி நடந்தார்.

மினோரி கத்தவில்லை. கருநீலக் கூட்டத்தின் நடுவே, குடையைக் காலடியில் ஒளித்து வைத்து, கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தெராவோ. ஒசாகா அணி அடி மேல் அடி வாங்கிக்கொண்டிருந்தது. அவன் கை தட்டும்போது அவள் பக்கத்து முழங்கையை மட்டும் இடிக்காமல் ஒடுக்கிக்கொண்டான். அதை அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். பெயர் கேட்டான், கோன்னோ மினோரி என்று சொன்னாள். சூடான தேநீரை வாங்கி, மூடியைத் திறந்து கொடுத்தான். அம்மாவைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளே சொன்னாள். படங்களைப் பற்றியும் சொன்னாள். அவன் மைதானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்டான்.

ஏழாவது இன்னிங்ஸ் வந்தது, உள்ளூர் ரசிகர்கள் பாட்டுப் பாடிப் பலூன் பறக்கவிடும் நேரம். எதிர்ப்பக்கம் முழுவதும் சிவப்பு பலூன்கள் எழுந்து நின்றன. பாட்டு தொடங்கியது. அத்தனை சிவப்பில் அப்பாவை எப்படித் தேடுவது? தேட வேண்டியிருக்கவில்லை. எல்லோர் கையிலும் பலூன் இருக்க, ஒருவர் மட்டும் சட்டையைக் கழற்றி, தோள் இரண்டையும் பிடித்து, தலைக்கு மேலே உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மைதானம் தெரியட்டும் என்பது போல.

பலூன்கள் பறந்தன. மினோரியின் கண்ணில் எல்லாம் கலங்கிப் போயின. இத்தனை வருடம் அம்மா உட்கார்ந்த இடத்தை இன்றுதான் அவள் பார்க்கிறாள். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்ததால்தான் முழுதாகத் தெரிகிறது.

ஒரு கருநீலத் துண்டு அவள் மடியில் வந்து விழுந்தது.

“இதுல அழுங்க” என்றான் தெராவோ, முன்னால் பார்த்துக்கொண்டே. “யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. நாங்க தோத்துக்கிட்டுதானே இருக்கோம்.”

அவள் அழுதாள். அம்மா போனதிலிருந்து முழுசாக வராத அழுகை, எதிரணித் துண்டில் முகம் புதைத்துக்கொண்டபோது வந்தது. அவன் தோள் நகராமல் பக்கத்திலேயே இருந்தது.

ஆட்டம் முடிந்து, கடிகாரத் தூணடிக்கு அப்பா வந்தபோது அவர் குரல் கட்டியிருந்தது. அவ்வளவு பாடியிருக்கிறார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மாட்டு நாக்கு சுடற கடையில வரிசை நீளமா இருக்கு. நான் போய் நிக்கறேன். நீங்க மெதுவா வாங்க” என்று கிளம்பிவிட்டார். அவராகவே சாப்பிடக் கிளம்புகிறார். மினோரி அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தூறல் நின்றிருந்தது. தெராவோ தொண்டையைச் செருமி, மரியாதையாகக் குடும்பப் பெயர் சொல்லி அழைத்தான்.

“கோன்னோ சான்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கடையில என் தொப்பியை முறைச்சீங்களே, அப்பவே பிடிச்சுப் போச்சு. என்கூடப் பழகுவீங்களா? வசந்தத்துல முதல் ஆட்டத்துக்கு நான் டிக்கெட் எடுக்கறேன். மூணாம் பேஸ் பக்கம். இந்தத் தொப்பியை வீட்டுல வெச்சுட்டு வரேன். நாலு டிக்கெட்.”

“நாலா? நாம மூணு பேருதானே?”

“அம்மா சட்டைக்கு ஒண்ணு வேணாமா? ஐயா எவ்வளவு நேரம்தான் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நிப்பார்...”

மினோரி நிமிர்ந்தாள். அந்தத் தூக்கக் கண்களை, இப்போது தொப்பியை விட்டுவிட்டு, நேராகவே பார்த்தாள். அவன் தொப்பியைக் கழற்றி, கடைக்காரப் பெண் டிக்கெட்டை ஏந்தியது போலவே, இரண்டு கைகளிலும் ஏந்தி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“இதெல்லாம் சரிதானா?” என்றான். “சரின்னு சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாதுங்க...”

“மூணாம் பேஸ் பக்கம்தானே?”

“மூணாம் பேஸ் பக்கம்.”

“நாலு பேரு?”

“நாலு பேரு.”

அன்று போல் அவசரப்படவில்லை அவள். ஒவ்வொன்றையும் கேட்டு முடித்த பிறகுதான் சொன்னாள்.

“சரிதான்.”