பை இல்லை, பைய!

சுகன்யா டீச்சர் போனில் சொன்னது ஒரே ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் கோளாறாகிப் போனது.

சென்னையிலிருந்து ஒருவர் அழைத்திருந்தார். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க மாணவர்களே புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு ஒரு போட்டி. மாவட்டச் சுற்று நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடக்கும். அதில் முதலில் வருபவர்கள் சென்னைக்குப் போகலாம்.

“உங்க மாணவர்களோட கண்டுபிடிப்புக்கு என்ன பேருங்க மேடம்?”

“பைய.”

“பையா?”

“ஆமா, பைய.”

“சரிங்க மேடம், எழுதிக்கிட்டேன்.”

என்ன எழுதிக்கொண்டார் என்று டீச்சர் கேட்கவில்லை. நெல்லையில் பிறந்து, நெல்லையில் படித்து, நெல்லையிலேயே பாடம் நடத்துகிறவர் அவர். ‘பைய’ என்றால் ‘மெதுவாக’ என்பது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்திருந்தார்.

அந்தப் பெயரை வைத்தது ஏழாம் வகுப்பு ஆவுடைத்தாய். கண்டுபிடித்ததும் அவள்தான். அவளுக்குக் கூட்டாளி அதே வகுப்பு சதாம்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் பள்ளிக்கு வருடம் தவறாமல் ஒரு சிறப்பு விருந்தினர் வருவார். வேப்பங்கன்று ஒன்று நடுவார். எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு கோடை விடுமுறை வரும். வெயில் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனதால் கன்று கருகிவிடும். மறு வருடம் அதே குழியில் இன்னொரு விருந்தினர் இன்னொரு கன்று நடுவார். அந்த இடத்தில் நன்றாக வளர்ந்தது குழி ஒன்றுதான்.

பள்ளிக்கு எதிரே வாழைத் தோட்டம். தாரை வெட்டியதும் மரத்தையும் வெட்டி வரப்பில் போட்டுவிடுவார்கள். மேலே வெயில் பொசுக்கினாலும், அந்தப் பட்டைக்குள்ளே மட்டும் ஈரம் நாள் கணக்கில் அப்படியே இருப்பதை ஆவுடை பார்த்திருந்தாள்.

வாழை நாரை அவள் திரியாக முறுக்கினாள். திரியின் ஒரு முனையைத் தண்ணீர் நிறைந்த மண்கலயத்தில் போட்டாள். மறு முனையைக் கன்றின் வேரடியில் புதைத்தாள். கன்றைச் சுற்றி வாழைப்பட்டையை வளையமாக வைத்தாள். தண்ணீர் திரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பட்டை அந்த ஈரத்தைக் காய விடாமல் காத்தது. கலயம் வற்றும்போதெல்லாம் சதாம் வந்து நிரப்பிவிட்டுப் போனான்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது வேப்பங்கன்று கொழுந்து விட்டிருந்தது. பார்த்த தலைமையாசிரியர் பேச்சிழந்து நின்றார். அது அந்தப் பள்ளியில் அரிய நிகழ்ச்சி.

போட்டியன்று காலை ஒரு சின்னச் செடி, கலயம், திரி, பட்டை வளையம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்ததும், தங்கள் மேஜையில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து மூன்று பேரும் நின்றுவிட்டார்கள்.

‘பை.’

மேலே பெரிய பதாகை: ‘பிளாஸ்டிக்குக்கு மாற்று.’

“ஏ ஆவுடை,” என்றான் சதாம். “நம்ம பேருல ஒரு எழுத்தைக் காணும்.”

“எழுத்து மட்டுமாலே காணும்? பையவும்தான் காணும்,” என்றாள் ஆவுடை.

கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு அண்ணன் வந்தார். சென்னையிலிருந்து வந்த குழுவில் ஒருவர். டீச்சர் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“புரியுது மேடம். ஆனா இங்க ‘பை’ன்னு பதிஞ்சாச்சு. தண்ணீர்ப் பிரிவுல இடம் இல்ல. நடுவர் வந்து பாக்கும்போது இங்க பை இல்லன்னா, அவங்க உங்களைப் போட்டியிலிருந்து எடுத்துடுவாங்க.”

“நாங்க பைன்னு சொல்லவே இல்லையே. ‘பைய’ன்னுதானே சொன்னோம்?”

“அதான் மேடம், பைன்னு.”

டீச்சர் ஓர் ஓரமாகப் போய்த் தண்ணீர் குடித்தார்.

பக்கத்து மேஜையில் இருந்தவன் கணேஷ்ராம். டவுனில் ஒரு பெரிய பள்ளியில் படிப்பவன். அவனிடம் உண்மையிலேயே பை இருந்தது. நாற்றங்காலில் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் துணிப்பை. மூன்று பைகளிலும் தென்னை நார்த்தூள் நிரப்பி, தக்காளி நாற்று வைத்திருந்தான். அவனும் நெல்லைக்காரன்தான் என்பதால், நடந்தது என்னவென்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மெட்ராஸ்காரவாகிட்ட போய்ப் பையன்னா, அவாளுக்கு என்ன தெரியும்? பேசாம வண்ணார்பேட்டைக் கடையில ஒரு பை வாங்கி வச்சிருங்க!”

ஆவுடைக்குக் காதெல்லாம் சூடானது. சதாம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தான்.

“அவன் கேலிக்குச் சொன்னாலும் அதுல ஒரு யோசனை இருக்குட்டி. இந்தப் பட்டை வளையத்துல ரெண்டு காது மாட்டுவோம். வாழைப்பட்டைப் பைன்னு சொல்லிருவோம்.”

“அடியில ஓட்டையா இருக்கேலே.”

“காத்தோட்டமான பைன்னு சொல்லுவோம்.”

ஆவுடை வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு நொடி அவளுக்கு அது பை மாதிரியே தெரிந்தது. மறு நொடி கொழுந்து விட்டு நின்ற வேப்பங்கன்று கண்ணுக்குள் வந்தது.

“வேண்டாம்லே. தூக்கிப் போட்டா போடட்டும். பொய்ப் பையா நின்னு ஜெயிக்க எனக்கு ஆசையில்ல.”

ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய போட்டி. ஆனால் சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றாமல் நடுவர்கள் சுற்றி வரக் கூடாதாம். விருந்தினர் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று மைக்கில் அறிவித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கிளம்பப் போகிறார் என்று அறிவித்தார்கள். அதற்கும் பிறகு, வரிசையில் நிற்கிறார் என்று அறிவித்தார்கள். அவர் பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தார்.

வெயில் மட்டும் முன்னால் வந்தது. ஜன்னல் வழியாக இறங்கி நேராகக் கணேஷ்ராமின் மேஜையில் உட்கார்ந்தது. துணிப்பைக்குள் நார்த்தூள் சருகாகக் காய்ந்தது. தக்காளி நாற்றுகள் மூன்றும் தலையைத் தொங்கப்போட்டன.

கணேஷ்ராம் பாட்டிலைத் திறந்து மளமளவென்று தண்ணீர் ஊற்றினான். காய்ந்த தூள் ஒரு சொட்டைக்கூடக் குடிக்கவில்லை. எல்லாம் பையின் அடிவழியாக வழிந்து, மேஜையில் ஓடி, தரையில் குளமானது. அடையாள அட்டை அண்ணன் ஓடி வந்தார்.

“தம்பி, என்ன பண்றே? கீழே ஒயர் போகுது! இனிமே யாரும் இங்க தண்ணி ஊத்தக் கூடாது.”

கணேஷ்ராம் இப்போது சிரிக்கவில்லை. நாற்றின் தண்டை விரலால் நிமிர்த்தி வைத்தான். விரலை எடுத்ததும் அது மறுபடி தொங்கியது. அவன் கண் கலங்கிவிட்டது.

ஆவுடை அதைப் பார்த்தாள். தன் செடியிலிருந்து திரியை மெல்ல உருவினாள். வளையத்தையும் கலயத்தையும் எடுத்தாள்.

“ஏட்டி, என்ன செய்யுத?” சதாம் பதறினான். “நம்மகிட்ட இருக்கதே அது ஒண்ணுதான்! பையும் இல்ல, இப்ப பையவும் இல்லன்னா நாம இங்கன எதுக்கு நிக்கோம்?”

“அங்கன ஒரு செடி சாவுதுலே.”

அவள் பக்கத்து மேஜைக்குப் போனாள். “இது ஒரு செடிக்குத்தான் பத்தும். எதுக்கு வைக்க?”

கணேஷ்ராம் நடுப்பையைக் காட்டினான். அவள் திரியை வேரடியில் செருகி, வளையத்தைச் சுற்றி வைத்து, கலயத்தைப் பக்கத்தில் இரண்டு புத்தகங்களின் மேல் ஏற்றி வைத்தாள்.

கணேஷ்ராம் குனிந்து பார்த்தான். “ஒண்ணும் நடக்கலையே?”

“பைய நடக்கும்.”

சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. தூள் மெல்ல மெல்லக் கறுத்து ஈரமானது. தரையில் ஒரு துளியும் விழவில்லை. அண்ணன் இரண்டு முறை வந்து குனிந்து பார்த்தார். திட்டுவதற்கு ஒன்றுமில்லாததால் போய்விட்டார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் விருந்தினர் வந்தார். விளக்கு ஏற்றினார். கண்ணாடி போட்ட ஒரு நடுவர் அம்மா வேக வேகமாக மேஜை மேஜையாக வந்தார். “ஒருத்தருக்கு மூணு நிமிஷம்தான். சீக்கிரம் சொல்லுங்க.”

கணேஷ்ராமின் மேஜைக்கு வந்ததும் அவர் நின்றார். இரண்டு நாற்றுகள் வாடித் தொங்கின. நடுவிலிருந்தது மட்டும் இலையை விரித்துக்கொண்டு நேராக நின்றது.

“இது ஒண்ணு மட்டும் எப்படி நல்லா இருக்கு? இதுல என்ன விசேஷம்?”

கணேஷ்ராம் ஆவுடையைத் திரும்பிப் பார்த்தான்.

“அது என்னுது இல்ல மேடம். பை என்னுது. உள்ள பைய வேலை பாக்குதது அவளுது.”

“பை என்ன வேலை பாக்குது?”

“இல்ல மேடம். பைய. அந்த ஸ்டால்.”

நடுவர் நகர்ந்து வந்து ஆவுடையின் மேஜையில் இருந்த அட்டையைப் படித்தார். மேஜையைப் பார்த்தார். ஒரு செடியைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

“இங்க பைன்னு போட்டிருக்கு. பை எங்கம்மா?”

சதாம் கண்ணை மூடிக்கொண்டான். ஆவுடை ஓர் அடி முன்னால் வந்தாள்.

“பை இல்ல மேடம். எங்க ஊருல ‘பைய’ன்னா மெதுவான்னு அர்த்தம். தண்ணிய மொத்தமா ஊத்துனா வேருக்கு நிக்காம ஓடிப்போவுது. பைய ஊத்துனா அத்தனையும் வேருக்குத்தான் போவுது. மழை குறைஞ்சிட்டு, வெயில் கூடிட்டு. இருக்க தண்ணிய இப்படித்தான் கொடுக்கணும்.”

“நான் மூணு நிமிஷம்தான் நிக்க முடியும். மெதுவா நடக்கறதை எப்படிப் பாக்கறது?”

“நீங்க வர லேட்டாச்சுல்லா மேடம்? அதுக்குள்ள நடந்துட்டு,” என்று ஆவுடை பக்கத்து மேஜையைக் காட்டினாள். “ரெண்டு நம்ம பைய இல்லாதது. ஒண்ணு இருக்கது. நீங்களே பாருங்க.”

நடுவர் திரும்பிப் போனார். வளையத்தை நகர்த்தி, ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். வாடிய பையின் தூளையும் தொட்டுப் பார்த்தார். திரியைக் கேட்டார், பட்டையைக் கேட்டார், வேப்பங்கன்றைப் பற்றிக் கேட்டார். மூன்று நிமிடம் எப்போதோ போய்விட்டது. ஆவுடை சொல்லச் சொல்ல அவர் அவசரப்படாமல் நின்று கேட்டார்.

கடைசியில் பேனாவை எடுத்து, அட்டையில் ‘பை’க்குப் பக்கத்தில் தன் கையாலேயே ஒரு ‘ய’ எழுதினார்.

சாயங்காலம் மைக்கில் முடிவு சொன்னார்கள். இரண்டாம் இடம், கணேஷ்ராமின் துணிப்பை. முதல் இடம், “பைய!” அறிவித்தவர் அந்தச் சொல்லை ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டே சொன்னார். எல்லோருக்கும் முன்னால் எழுந்து கை தட்டியவன் கணேஷ்ராம். சுகன்யா டீச்சர் மேடைக்குக் கீழே நின்று, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் ஆவுடை உட்கார்ந்தாள். மடியில் கோப்பை. அது அவள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நடத்துநர் சீட்டுக் கிழிக்க வந்தவர் நின்றுவிட்டார். “ஏ யம்மா, எம்புட்டுப் பெரிய கப்பு! ஓட்டப் பந்தயமா?”

“இல்ல அண்ணாச்சி. பைய போனதுக்கு.”

நடத்துநர் ஓட்டுநர் பக்கம் திரும்பினார். “ஏ ஞானையா, கேட்டீரா வே? பைய போனா கப்பு கொடுக்காவளாம்! உமக்கு இதுவரை எத்தனை வந்திருக்கணும்?”

பேருந்தே சிரித்தது. ஞானையா மட்டும் சிரிக்கவில்லை. அவர் வண்டியை இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.

ஆவுடை கோப்பையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அந்தப் பேருந்து போன வேகத்தில், வண்ணார்பேட்டையிலிருந்து அவள் ஊர் வரை அதைப் பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை.