குண்டூசியும் வியர்த்த சுவரும்

தையற்காரர் வீடு நாறியது. சும்மா நாற்றம் இல்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற நாற்றம். ஐந்து நாளாக மழை. பின்னறைச் சுவர் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சை.

"எல்லாம் மாடி வீட்டுக்காரங்க வேலை" என்றார் தையற்காரர். "தண்ணிய ஊத்தி ஊத்திக் குளிக்கிறாங்க. நம்ம சுவத்துல இறங்குது. நாளைக்குச் சாயந்திரம் வீட்டு ஓனர் வர்றாரு. அவங்களைக் காலி பண்ணச் சொல்லப்போறேன்."

அவர் மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒல்லிக்குச்சி என்பதால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். மாடி வீட்டுச் சுருட்டைதான் அவளுடைய ஒரே சிநேகிதி.

"அவங்க எங்கப்பா போவாங்க?"

"அது அவங்க பாடு."

படிக்கட்டில் சுருட்டை உட்கார்ந்திருந்தாள்.

"உங்கப்பா எங்களைத் துரத்தப்போறாராமே?"

"நீங்க ஏண்டி தண்ணிய ஒழுக விடுறீங்க?"

"நாங்களா? எங்க குழாய் உடைஞ்சு ஒரு வாரம் ஆச்சு. கீழேருந்து தூக்கிட்டுப் போய், ஆளுக்கு அரை வாளிதான் குளிக்கிறோம். எங்கண்ணன் அதுவும் இல்ல!"

குண்டூசி குழம்பிப்போனாள். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும். அப்பா பொய் சொல்ல மாட்டார். சுருட்டை சொல்வாள், ஆனால் வீட்டுப்பாட விஷயத்தில் மட்டும்.

யார் பேச்சையும் நம்புவதாக இல்லை அவள். சுவரில் ஓர் இடத்தை நன்றாகத் துடைத்தாள். சட்டை மடித்துக் கொடுக்கிற பிளாஸ்டிக் கவரை விரித்து, நாலு பக்கமும் டேப் போட்டு அங்கே ஒட்டினாள். தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வந்தால் கவருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பார்த்தாள். கவரின் வெளிப்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிரித்துப் பார்த்தால், பின்பக்கம் பொட்டு ஈரம் இல்லை.

இது என்ன கூத்து? கவரைத் திருப்பி ஒட்டிவிட்டோமா? ராத்திரி யாராவது வந்து தண்ணீர் தெளித்தார்களா? அப்படி வந்த மடையன் யார்? அவளுக்குத் தலை சுற்றியது.

அந்த அறையிலேயே அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தைத்த பிறகு சுருங்கக் கூடாது என்று பருத்தித் துணியை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார். வெயில் இல்லாததால் பதினாறு துணி அந்த அறைக் கொடியிலேயே தொங்கின. சாரல் அடிக்குமென்று ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்தார். இஸ்திரிப் பெட்டி பட்டதும் ஈரத்துணி 'உஸ்' என்றது. ஆவி எழும்பிக் காணாமல் போனது.

"அப்பா, இந்த ஆவி எங்க போகுது?"

"காத்துல போகுது."

"எந்தக் காத்துல? ஜன்னல்தான் சாத்தியிருக்கே."

"தொணதொணன்னு பேசாத."

"நேத்து ஊறவெச்ச துணியில இருந்த தண்ணி?"

"காஞ்சு போச்சு."

"போச்சுன்னா எங்கப்பா போச்சு?"

இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. அவள் கவரைக் காட்டினாள். அவர் மேலே தடவினார். பின்னால் தடவினார்.

"ஒரு கவரை நம்பிட முடியுமா?" என்று இன்னொரு கவரைத் தன் கையாலேயே ஒட்டினார்.

மத்தியானம் அதுவும் வெளிப்பக்கம்தான் வியர்த்திருந்தது.

தையற்காரர் ஜன்னலைப் படாரென்று திறந்தார். பிறகு மாடிப்படி ஏறினார். குண்டூசி பின்னாலேயே ஓடினாள்.

சுருட்டையின் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "என்ன, மூட்டை கட்டச் சொல்ல வந்தீங்களா?"

"இல்லம்மா. தண்ணி உங்க வீட்டுது இல்ல. எங்க ஈரத்துணியோட ஆவிதான் வெளிய போக வழியில்லாம சுவத்துல படியுது. தப்பாப் பேசிட்டேன்." தலையைச் சொறிந்தார். "ஓனர் வந்தா உங்க குழாயைச் சரிபண்ணச் சொல்றேன். அப்புறம்... உங்க வராந்தாவுல நல்லா காத்து வருது. கொஞ்சம் துணி காயப்போட்டுக்கலாமா?"

"போடுங்க. ஆனா நாளைக்கு எங்க வீடு நாறினா நான் யாரைக் காலி பண்ணச் சொல்றது?"

தையற்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

குண்டூசியும் சுருட்டையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஈரத்துணியை முறுக்கினார்கள். பிழிந்த தண்ணீர் முழுக்க அப்பாவின் காலில் கொட்டியது. அவர் துள்ளிக் குதித்தார். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை.