கம்பவுண்டர் பங்களாவில் ஊதிய சங்கு

இந்தப் பூமியில் திருடன் நுழையவே முடியாத இடங்கள் இரண்டு.

ஒன்று சொர்க்கம்.

இன்னொன்று, குன்னூருக்கு மேலே தேயிலைச் சரிவின் உச்சியில் நிற்கும் 'டியூக்ஸ் நெஸ்ட்' பங்களா.

இதைச் சொன்னவர் பங்களாவின் சொந்தக்காரர் மருதாசலம். சொன்னது திங்கட்கிழமை சாயங்காலம், கிளப்பில், அடுத்த மேஜைக்கும் கேட்கும்படி.

செவ்வாய்க்கிழமை காலை...

வீ...ஈ...ஈ...ஈல்!

பங்களாவின் கூரையில் திருட்டு அலாரம் அலறியது!

சொர்க்கத்திலிருந்து தகவல் இல்லை.

அலறல் பள்ளத்தில் இறங்கி, எதிர் மலையில் மோதித் திரும்பியது. கீழே பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"ஏய், சங்கு ஊதிருச்சுடி!"

"அதுக்குள்ளயா? எடை போடுற நேரமே ஆகலயே!"

"ஊதுனா ஊதுனதுதான். மூட்டையைத் தூக்குங்க!"

தூறலில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, கொழுந்து மூட்டைகளைத் தலையில் ஏற்றி, பங்களாவை ஒட்டிய மண்பாதையில் வரிசையாக ஏறினார்கள்.

அலாரம் சட்டென்று நின்றது.

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல்...

"ஐயோ! போச்சே! என் விக்டோரியா போச்சே!"

"விக்டோரியாங்கிறது யாரு சார்? உங்க சம்சாரமா?"

இன்ஸ்பெக்டர் கோகிலவாணி தொப்பியிலிருந்த தூறலை உதறியபடி கேட்டாள். பின்னால் ஏட்டு பரமசிவன்.

"சம்சாரம் பாப்பம்மாளுங்க. அதா நிக்குது. விக்டோரியா... டீக்கெண்டிங்க மேடம்!"

மருதாசலம் கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் விற்றவர். மலையேறி மூன்று ஏக்கர் தேயிலை வாங்கியதும் 'பிளான்டர்' என்று கார்டு அடித்துக்கொண்டார். கம்பளிக் கோட்டு. கழுத்தில் மஃப்ளர். வாயில், இதுவரை ஒருமுறைகூடப் பற்ற வைக்காத பைப்.

அந்த பங்களா ஒரு காலத்தில் எஸ்டேட் கம்பவுண்டர் குடியிருந்த வீடு. மலை முழுக்க இன்னும் கம்பவுண்டர் பங்களா என்றுதான் பேர். 'டியூக்ஸ் நெஸ்ட்' என்று சொன்னால் கேஸ் சிலிண்டர்கூட வராது.

"கெண்டிக்கா இவ்வளவு கத்துனீங்க?"

"என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க! விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளிங்க அது! ஒரு வெள்ளைக்கார டியூக் இந்த வராந்தாவுல உக்காந்து அதுலதான் டீ குடிச்சாருங்க!"

"கம்பவுண்டர் வீட்டுலயா?"

மருதாசலம் பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"...அவருக்குக் காய்ச்சலா இருந்திருக்கலாமுங்க."

ஏட்டு பரமசிவன் வேறு பக்கம் திரும்பி இருமினார்.

"இன்னைக்கு கிளப்புக்காரங்க சொல்லி ஊட்டியில இருந்து கமலேஷ்னு ஒருத்தர் வராருங்க. பழம்பொருள் மதிப்புப் பார்க்கிறவரு. அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், கிளப்புல கண்ணாடிப் பொட்டியில வெச்சு, கீழ என் பேரைப் போடுவாங்க. அதுக்குள்ள திருடிப்போட்டான் மேடம்!"

"யாரு?"

மருதாசலத்தின் பைப் மெதுவாகத் திரும்பி, சமையலறை வாசலைக் காட்டியது.

அங்கே அம்புரோஸ் நின்றுகொண்டிருந்தான். பட்லர். கையில் பால் தூக்கு. அந்த பங்களா மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டது, அம்புரோஸும்தான்.

"சார்... நானா?"

"வேற யாரு? சமையல்கட்டுல இருக்கறவன் கண்ணு எப்பவும் கெண்டி மேலதான்!"

பட்லருக்குத் திருடன் என்று பேர் வந்துவிட்டால், கோத்தகிரி வரைக்கும் எந்த பங்களாவும் அவனை அடுப்புப் பக்கம் சேர்க்காது. இந்த வேலை போனால் பின்பக்கத்து ஓர் அறைக் குடித்தனமும் போகும்.

"மேடம், மாதா சத்தியமா நான் பாலு வாங்கப் போயிருந்தேன்..."

"ஜீப்புல ஏத்துங்க மேடம்! ரெண்டு தட்டு தட்டுனா சொல்லுவான்!"

"ஏனுங்க," என்றாள் பாப்பம்மாள். "அம்மணி தூறல்ல நனைஞ்சு வந்திருக்குது. மொதல்ல டீ குடிக்கட்டும். ஜீப்பு எங்கயும் ஓடிப்போகாது."

அம்புரோஸை நகர்த்திவிட்டு அவளே சமையலறைக்குள் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தட்டோடு வந்தாள். கெண்டி ஆறாமலிருக்கக் கழுத்து வரை கம்பளிக் குல்லா போட்டிருந்தது.

"பீங்கான் கப்புலயே ஊத்து," என்று அதட்டினார் மருதாசலம். கோகிலவாணியிடம் குனிந்தார். "இவளோட அண்ணன் ஆறுக்குட்டின்னு ஒருத்தன் இருக்கான் மேடம். துடியலூர்ல பாத்திரக்கடை. பட்டிக்காட்டான். வரும்போதெல்லாம் எங்க பொண்ணு ஸ்வேதாவுக்குன்னு எவர்சில்வர் டம்ளரா தூக்கிட்டு வருவான். அவன் கடைச் சாமான் ஒண்ணையும் நான் ஊட்டுக்குள்ள விடறதில்லீங்க!"

பாப்பம்மாள் கப்பை நிமிர்த்தி வைத்தாள். டீயை ஊற்றினாள்.

வெளியே கேட்டில் ஒரே கூச்சல்!

"யாருங்க இங்க சங்கு ஊதுனது? நியாயம் சொல்லுங்க!"

கொழுந்து மூட்டையோடு முன்னால் நின்றவள் விஜயா. பின்னால் அவள் செட்டு.

"எங்க எஸ்டேட்டு சங்கும் இந்த ஊட்டு அலாரமும் ஒரே மாதிரி கத்துது. பாதி மூட்டையோட எடைக்குப் போனா மேஸ்திரி என்ன பேச்சு பேசுறாரு தெரியுங்களா? இவரு கெண்டிக்கு நாங்க ஏச்சு வாங்கணுமா?"

கோகிலவாணி கேட்டுக்கு நடந்தாள்.

"சங்கு ஊதினப்ப நீங்க எல்லாரும் இந்தப் பாதையிலயா இருந்தீங்க?"

"பின்ன? ஆரம்பிச்சதும் ஏறுனோம். அம்புரோஸண்ணன் எங்களுக்கு முன்னால பால் தூக்கோட போயிட்டிருந்தாரு. பாதை வழுக்குது, பாத்து வாங்கம்மான்னாரு. அவரு கேட்டைத் தொடுறதுக்குள்ள சங்கு நின்னே போச்சு."

"பங்களாவுல இருந்து யாராவது ஓடினாங்களா?"

"ஒரு ஈ காக்கா வரலீங்க."

"கூட்டுக் களவாணிங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினார் மருதாசலம். "எல்லாரையும் ஜீப்புல ஏத்துங்க!"

"ஜீப்பு பத்தாது சார்," என்றார் பரமசிவன்.

கோகிலவாணி ஹாலுக்குத் திரும்பினாள். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் கீபேட். சின்னப் பெட்டி. பத்து எண்கள், நாலைந்து பட்டன்கள், மேலே ஒரு கண்ணாடித் துண்டு.

அதில் 4 என்ற எண் மினுக்... மினுக்...

"இது என்ன சார்?"

மருதாசலம் நெஞ்சை நிமிர்த்தினார். இந்தக் கேள்விக்காகவே மலையேறியவர் போல.

"திருடன் மொதல்ல எந்த இடத்துல மாட்டுனான்னு அது காட்டுமுங்க. ஒண்ணு வாசக்கதவு. ரெண்டு ஜன்னலுங்க. மூணு பின்கதவு. நாலு இந்த ஹால்ல யாராவது நடந்தா!"

"எப்படிப் போடுறது?"

"ரகசிய கோடு நம்பர் இருக்குதுங்க. இந்த உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும்! ஊட்டை விட்டு வெளிய போறப்ப கோடு போட்டு 'அவே' அமுக்கணும். பீப் பீப்னு கத்தும். கத்தி முடிக்கறதுக்குள்ள வெளிய போயிடணும். அப்புறம் உள்ள ஒரு பூனை நடந்தாலும் அலறும்."

"வீட்டுக்குள்ளயே இருந்தா?"

"'ஸ்டே' பட்டன். கதவு, ஜன்னலுக்கு மட்டும் காவல். நாம உள்ள தாராளமா நடக்கலாமுங்க."

"காலையில யார் போட்டது?"

"நான்தானுங்க! இவ பின்னால பூச்செடிக்கிட்ட இருந்தா. அவன் பாலுக்குப் போயிட்டான். நான் அமுக்கிப்போட்டு, ரப்பர் கம்பூட்ஸ் மாட்டிக்கிட்டு, வாக்கிங் போயிட்டனுங்க."

கோகிலவாணி வாசலைப் பார்த்தாள். தூறலில் மண்பாதை சேறாகக் கிடந்தது. வராந்தாவில் கம்பூட்ஸ் ஜோடியாக நின்றது.

பளபளவென்று. காய்ந்து போய்.

அவள் கோப்பையை எடுத்தாள். டீயை ஒரு வாய் குடித்தாள்.

"சார், எனக்கு ஒரு ஆசை. 'ஸ்டே' போட்டுக் காட்டுங்களேன்."

"இதென்ன பிரமாதம்!"

மருதாசலம் கீபேடை உடம்பால் மறைத்துக்கொண்டார். கண்ணைச் சுருக்கினார். மூக்கைக் கிட்டே கொண்டு போனார். படிக்கிற கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. கம்பளித் தொப்பிக்குக் கண்ணாடி பொருந்தாது என்பது அவர் கொள்கை.

டிக். டிக். டிக். டிக். டிக்!

பீப்... பீப்... பீப்...

"ஏன் சார் கத்துது?"

"அது... மரியாதைக்குங்க."

பீப் நின்றது.

"பரமசிவன், அப்படியே ஹால்ல ரெண்டு எட்டு நடங்க."

ஏட்டு ஒரு எட்டுதான் வைத்தார்.

வீ...ஈ...ஈ...ஈல்!

"நிறுத்துங்க சார்!" என்று காதைப் பொத்திக்கொண்டாள் கோகிலவாணி.

மருதாசலம் கீபேடின் மேல் பாய்ந்தார். அமுக்கினார். தப்பு! மறுபடி அமுக்கினார். தப்பு! மலையே அதிர்ந்தது!

கேட்டிலிருந்து விஜயாவின் குரல் அலாரத்தை மீறி வந்தது.

"ஒம்போது ஒம்போது ஒண்ணு ஒண்ணுங்க! உங்க கார் நம்பருதானுங்களே!"

அம்புரோஸ் தூக்கைக் கீழே வைத்தான். வந்தான். நாலு எண்களை அமுக்கினான்.

நிசப்தம்.

"உனக்கு... உனக்கு எப்பட்றா தெரியும்?"

"ரெண்டு காரு, ஸ்கூட்டர், டிராக்டர், எல்லாத்துலயும் அதே நம்பர்தானுங்களே சார். குரங்கு ஜன்னல்ல உலுக்கி அலாரம் அடிச்சா, பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்க வந்து நிறுத்துவோம். போன வாரம் பால்காரர் நிறுத்துனாரு."

மருதாசலத்தின் பைப் தரையில் விழுந்தது.

கோகிலவாணி கீபேடைக் காட்டினாள். அதே 4. மினுக்... மினுக்...

"'ஸ்டே'ன்னு நெனச்சு 'அவே' அமுக்கிட்டீங்க சார். இந்த வீட்டுல அலாரம் எல்லாருக்கும் போடத் தெரியும்... உங்களைத் தவிர."

"அதுக்கும் திருட்டுக்கும் என்னங்க..."

"கதவு திறக்கல. ஜன்னல் திறக்கல. நேரா ஹால்ல நடமாட்டம். அப்படின்னா அலாரம் போட்ட ஆளு வெளியவே போகல! 'ஸ்டே' போட்டுட்டு, சாவகாசமா கெண்டியை எடுத்து ஒளிச்சிட்டு, அப்புறம் ஜன்னலைத் திறந்துவிட்டு அலற வைக்கலாம்னு பிளான். ஆனா முதல் எட்டுலயே கத்திடுச்சு. அந்த அவசரத்துலதான் கெண்டியை ஒளிச்சீங்க. அதான் உங்க கம்பூட்ஸ் வாக்கிங் போயும் நனையல!"

மருதாசலம் சோபாவில் உட்கார்ந்தார். ஒரு பம்ப் நிற்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"மேடம்... மெதுவாப் பேசுங்க. பொம்பளைங்க கேட்டுட்டு நிக்கறாங்க."

"கேக்குதுங்க!" என்றாள் விஜயா.

"எதுக்கு சார் இந்த வேலை?"

"அந்தக் கமலேஷ் வந்தா... கெண்டியைக் கையில எடுத்துப் பார்ப்பானுங்க. அது எனக்குப் புடிக்கல. அவ்வளவுதான்."

"அதுக்கு ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்புவீங்களா?"

மருதாசலம் குனிந்து பைப்பைப் பொறுக்கினார்.

"கெண்டி எங்க?"

"அந்த கோல்ஃப் பையில."

மூலையில் தோல் பை. அதைத் தூக்கிக்கொண்டு மருதாசலம் ஒருநாளும் வெளியே போனதில்லை. பரமசிவன் மட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

விலைச்சீட்டு ஒன்று விழுந்தது. வேறொன்றும் இல்லை.

"ஐயோ!" மருதாசலம் துள்ளி எழுந்தார். "நிஜமாவே திருட்டுப் போச்சு! மேடம், இது நெசம்! புடிங்க! புடிங்க அம்புரோஸை!"

அம்புரோஸ் சுவரோடு ஒட்டினான்.

"இன்னொரு வாய் ஊத்தட்டுங்களா அம்மணி?" என்றாள் பாப்பம்மாள்.

கம்பளிக் குல்லாவை மெதுவாகக் கழற்றினாள்.

உள்ளே பளபளவென்று... விக்டோரியா!

"அலாரம் சத்தத்துக்கு நான்தான் மொதல்ல உள்ள வந்து, அதை நிறுத்துனேன். இவரு தலையில கை வெச்சுக் கத்திட்டிருக்காரு. வருஷக்கணக்கா திறக்காத கோல்ஃப் பைக்கு ஜிப்பு திறந்து கெடக்குது. என்னன்னு எட்டிப் பார்த்தேன். சரி, இதுல ஒருநாளாச்சும் டீ போட்டுக் குடிச்சுப் பார்க்கலாமேன்னு தோணுச்சு."

"பாப்பா... நீயா!"

"அம்புரோஸை ஜீப்புல ஏத்தட்டும்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே சொல்லியிருப்பேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

கோகிலவாணி கோப்பையை வைத்தாள்.

"பொய்ப் புகாருக்குத் தனி கேஸ் இருக்கு சார். வேணாம்னா, அம்புரோஸ்கிட்ட மன்னிப்பு கேளுங்க. கேட்டுல நிக்கறவங்களுக்கும் கேக்கணும்."

மருதாசலம் மஃப்ளரைத் தளர்த்தினார்.

"அம்புரோஸு... தப்புத்தான்ப்பா. மன்னிச்சுக்கோ."

"கேக்கலீங்க!" என்றாள் விஜயா.

"மன்னிச்சுக்கோப்பா!"

அம்புரோஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூன்று முதலாளிகளில் யாரும் அவனிடம் சொல்லாத வார்த்தை அது.

"பரவால்லீங்க சார். அந்த கோடு நம்பரை மட்டும் மாத்திராதீங்க. பால்காரர் சிரமப்படுவாரு."

அப்போது வாசலில் கார் வந்து நின்றது.

கமலேஷ் இறங்கினார். ஒல்லியான மனிதர். கழுத்தில் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி.

"ஸாரி சார், லேட்டாயிடுச்சு. டியூக்ஸ் நெஸ்ட்னு கேட்டா யாருக்கும் தெரியல. இதுதானா அந்தக் கெண்டி?"

"இன்னொரு நாளைக்குப் பார்க்கலாமுங்க!" மருதாசலம் குறுக்கே விழுந்தார்.

பாப்பம்மாள் மிச்ச டீயைக் கோகிலவாணியின் கோப்பையில் கவிழ்த்துவிட்டு, காலிக் கெண்டியை கமலேஷிடம் நீட்டினாள்.

"அடியைப் பாருங்க தம்பி. அங்கதான எல்லாம் இருக்கும்."

கமலேஷ் கெண்டியைத் திருப்பினார். கட்டை விரலால் துடைத்தார். பூதக்கண்ணாடியை வைத்தார்.

"ஏதோ வெட்டியிருக்கே..."

"டியூக் பேரா?" என்றாள் கோகிலவாணி.

புள்ளி புள்ளியாக, தமிழில், பாத்திரக்கடை மிஷினில் வெட்டியிருந்தது. கமலேஷ் உரக்கவே படித்தார்.

'செல்வி ஸ்வேதா பூப்புனித நன்னீராட்டு விழா. அன்பளிப்பு: தாய்மாமன் ஆறுக்குட்டி, துடியலூர்.'