துரை தாமதமான சாயங்காலம்

"கொலகாரி! எங்கம்மாவ மூச்சு முட்ட வெச்சு வேடிக்க பாத்தவடி நீ!"

"நான் உள்ள வரும்போதே மூச்சில்ல. கை சில்லுன்னு இருந்துச்சு. எத்தன தடவ சொல்றது?"

"ஆறு மணிக்கு நான் கிளம்புறப்ப நல்லாத்தான இருந்தாங்க? சாட்சி இருக்கு. மெஷின்காரியக் கேளு!"

மதிலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த மெஷின்காரிக்கு, தன் பெயர் அடிபட்டதும் உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவள். அந்தத் தெருவில் அவள் அளவெடுக்காத உடம்பும் இல்லை, அளக்காத குடும்பமும் இல்லை.

உள்ளே பளாரென்று ஓர் அறை விழுந்தது. "ராத்திரிக்குள்ள ஒத்துக்கோ. இல்ல, காலையில ஸ்டேஷன்தான்" என்றது ஓர் ஆண்குரல். கிழவியின் மகன். அறை வாங்கியவள் அவன் பெண்டாட்டி. கத்தியவள் அவன் தங்கை.

உதட்டில் ரத்தத்தோடு மருமகள் வெளியே வந்தாள். "அக்கா, எனக்காகப் பேச ஒரு ஆளும் இல்லையா?"

மெஷின்காரிக்கு இரக்கம் பாதி, இருந்து பார்க்கும் ஆசை பாதி. கையைப் பிடித்துத் தெருமுனைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இருந்தவளுக்குத் தெரு வைத்த பெயர் சுருக்கெழுத்து. கோர்ட்டில் ஆயுசு முழுக்க ஊரார் பொய்யைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்தவள். ஓய்வு பெற்றபின் பேச்சையும் அதே மாதிரி சுருக்கிக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள்.

மருமகள் சொன்னாள். மாமியாருக்கு இடுப்பு முறிந்ததிலிருந்து கூடத்துக் கட்டிலோடு சரி. கூடவே இழுப்பு வேறு. பகலில் மகள் காவல். ஆறு மணிக்குத் துணிக்கடையிலிருந்து மருமகள் வந்ததும் அவள் முறை. முந்தாநாள் வந்து பார்த்தால் கிழவி விழி பிதுங்கிக் கிடக்கிறாள். தலையணையருகே இருக்கவேண்டிய இன்ஹேலர் பீரோவின் உச்சியில் இருக்கிறது.

"உடனே கத்தினியா?"

"உடனே. ஆறு பத்துக்கு அவருக்குப் போன் பண்ணேன்."

சுருக்கெழுத்து திரும்பினாள். "நீ என்ன பாத்த?"

மெஷின்காரி முந்தானையைச் செருகிக்கொண்டாள். "நாத்தனார்காரி கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கக் கூப்பிட்டாக்கா. ஸ்கூல் வேன் ஓட்டுறானே, அவனோட பழக்கம். கிழவிக்கு அவனக் கண்டாலே ஆகாது. 'நான் செத்தப்புறம் எவனையாவது கட்டிக்கோ'ன்னு என் எதிர்லயே சொல்லுச்சு. அப்ப இன்ஹேலர் தலமாட்டுலதான் இருந்துச்சு. 'மணி ஆறாச்சு, அண்ணி வந்துருவாங்க, கிளம்பலாம்'னு என்னையும் கூட்டிட்டு வாசலுக்கு வந்தா. குடைய மறந்துட்டேன்னு ஒரு தடவ உள்ள போனா. அப்புறம் பக்கத்துக் கோயிலுக்குப் போயிட்டா. அவ்வளவுதான்."

"மணி ஆறுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கூடத்துக் கடிகாரத்துல பாத்தேனே! என் போன் வீட்டுல சார்ஜுல. வானமும் ஒரே மூட்டம். என் தையல் ரூமுக்கு ஜன்னலும் கிடையாது."

"வீட்டுக்கு வந்து என்ன பண்ண?"

"ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையும் வெச்சு, கொக்கி கட்டி முடிச்சேன். அப்பத்தான் இவ அலறுனா."

"ஆறு மணிக்கு வந்து, ஆறு பத்துக்குள்ளயா?"

மெஷின்காரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அன்னிக்குக் கை வேகமா ஓடுச்சுன்னு நெனச்சேன்க்கா."

சுருக்கெழுத்தின் உதடு லேசாகக் கோணியது. "வேற ஏதாவது மாறி இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல. நாய்தான் லேட்டு."

"எந்த நாய்?"

"துரை. அந்த வீட்டு நாய். தினம் ஆறு மணிக்குத் தட்டக் கவ்விட்டுக் கட்டிலுக்கு வரும். கிழவி பிஸ்கட்ட பால்ல ஊறவெச்சுப் போடும். அன்னிக்குக் கடிகாரம் ஆறு காட்டுது, இது வாசப்படியில குறட்ட விடுது. 'கொழுப்பெடுத்த நாயி, உன் அண்ணி மாதிரியே மதிக்க மாட்டேங்குது'ன்னு கிழவி திட்டுச்சு."

மருமகள் நிமிர்ந்தாள். "லேட்டா? நான் உள்ள வந்தப்ப துரை கட்டிலுகிட்டதான் நின்னுச்சு. தட்டத் தூக்கி அத்த நெஞ்சு மேல வெச்சிட்டு, மூஞ்சியவே பாத்துட்டு இருந்துச்சு."

சுருக்கெழுத்து மெஷின்காரியிடம் திரும்பினாள்.

"அலறுன உடனே ஓடி வந்தவங்கள்ல நாத்தனாரும் உண்டா?"

"உண்டு. ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்துக்குப் பக்கத்துல மாட்டியிருந்த அம்மா போட்டோவ எடுத்து நெஞ்சோட வெச்சிட்டு அழுதா. பாத்தவங்க எல்லாரும் உருகிட்டோம்க்கா."

"நல்லா உருகுனீங்க" என்று சுருக்கெழுத்து செருப்பை மாட்டினாள். போகும்போது மெஷின்காரியின் காதில் ஒரு வேலை சொன்னாள். அந்த வேலைக்காகவே பிறந்தவள்போல் மெஷின்காரி ஓடினாள்.

நாத்தனார் குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். காலிக் கட்டில் ஓரமாகக் கிடந்தது. சுவர்க் கடிகாரம் ஆறு காட்டியது.

"மணி ஆறு. துரையக் காணோமே?" என்றாள் சுருக்கெழுத்து.

அண்ணன்காரன் கைபேசியைப் பார்த்தான். "அஞ்சுதானே ஆகுது? கடிகாரம் கெட்டுப்போச்சு போல."

"யாரு திருப்பி வெச்சது?" என்று நாத்தனார் சீறினாள்.

"உங்க அண்ணன் கெட்டுப்போச்சுங்கிறாரு. திருப்பி வெச்சதுன்னு உனக்கு மட்டும் ஏம்மா தோணுது?"

மெஷின்காரி, தான் ஏறி இறங்கிய ஸ்டூலைக் காலால் ஓரம் தள்ளினாள். சுருக்கெழுத்து நிதானமாகப் பேசினாள். "முந்தாநாள் மத்தியானம் அம்மா தூங்குறப்ப முள்ள ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளின. அஞ்சு மணிய ஆறுன்னு காட்ட ஒரு சாட்சியக் கூப்பிட்ட. மழ மூட்டத்துல அவங்களுக்கு இழுப்பு வராம இருக்காதுன்னு உனக்குத் தெரியும். குடை எடுக்கப் போன சாக்குல இன்ஹேலர் பீரோவுக்கு ஏறிடுச்சு. அப்புறம் போட்டோ எடுக்கிற சாக்குல முள்ளு பழையபடி வந்துருச்சு."

"இதெல்லாம் யாரு சொன்னது? நாயா?" என்றான் அண்ணன். "நாய்க்கு மணி பாக்கத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் அத ஏமாத்த முடியல. அது வயித்தப் பாக்குது. பொறுங்க, காட்டுறேன்."

கடிகாரத்தில் ஏழு ஆனது. வாசற்படியில் படுத்திருந்த துரை எழுந்தது, சோம்பல் முறித்தது, தட்டைக் கவ்விக்கொண்டு உள்ளே வந்தது. காலிக் கட்டிலின் மேல் தட்டை வைத்துவிட்டுத் தலையணையைப் பார்த்து வாலை ஆட்டியது.

அண்ணனின் கைபேசியில் மணி ஆறு.

நாத்தனார் கட்டிலை எட்டி உதைத்தாள். தட்டு உருண்டோடியது. "அவங்கதான சொன்னாங்க, நான் செத்தப்புறம் கட்டிக்கோன்னு! பெத்தவ சொல்லக் கேட்டேன், அது தப்பா?"

அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் குனிந்து தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவன் ஸ்டேஷனுக்குப் போனான். கூடப் போனது தங்கை. மருமகள் புருஷனின் கெஞ்சலுக்கு நிற்கவில்லை. துரையைக் கூட்டிக்கொண்டு வேறு ஊரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டாள். அங்கேயும் ஆறு மணிக்கு அது தட்டோடு வெற்றுச் சுவரோரம் போய் நிற்கிறதாம்.

வேன்காரன் அடுத்த மழைக்குள்ளேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். நாத்தனாருக்குத் தைத்துக் கிடந்த கல்யாண ஜாக்கெட் வீணாகப் போவானேன் என்று அவனே வந்து கேட்டான். மெஷின்காரியும் கொடுத்தாள். தோள்பட்டையில் மட்டும் கொஞ்சம் பிடிக்க வேண்டியிருந்தது.