வளையாத கோடு

காலை ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது கல் இல்லை. முந்தின நாள் அண்டார்டிகாவின் நீலப்பனி மேல் கிடைத்த, கைமுட்டி அளவு இரும்பு விண்கல் அது. பெட்டிச் சாவி வழிகாட்டி ஹெமி பராட்டாவிடம் இருந்தது. முகாம் தலைவர் டாக்டர் ஃபிர்த்துக்கு அது போதும்.

மூட்டையைக் கட்டு என்றார். மதிய விமானத்தில் ஒரு ஆள் வருகிறான் என்று ரேடியோவிலும் சொல்லிவிட்டார். திருடன் என்ற பேரோடு போனால் எந்த முகாமும் ஹெமியைச் சேர்க்காது. அவனுக்குத் தெரிந்த பிழைப்போ இது ஒன்றுதான்.

“என் பையைக் கொட்டிப் பாருங்க. அப்படியே உங்க பையையும் கொட்டுங்க டாக்டர்,” என்றான் ஹெமி.

கொட்டினார்கள். கூடாரம், சட்டைப்பை, அடுப்புப் பெட்டி, எதிலும் இல்லை. பனியில் எங்காவது புதைத்திருப்பான் என்று சொல்லிவிட்டு, ராடார் இழுக்கும் வேலையையும் ஹெமியிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஃபிர்த்தே பனிவண்டியில் கிளம்பினார். மனுஷன் அதுவரை அதை இழுத்ததே இல்லை. பின்னால் நீளக் கயிற்றில் சறுக்குப்பலகை, அதன் மேல் பனிக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் ராடார். பாதி வழியில் காற்று பலமாகி அவரைத் திருப்பிவிட்டது.

ராடார், முகாமின் ராடார் நிபுணர் வென்னா ட்ரெஜியரின் ராஜ்யம். சறுக்குப்பலகையில் ஒரு சாப்பாட்டு டின் வைத்ததற்கே ஹெமியை ஒருமுறை உண்டு இல்லை என்று ஆக்கியவள். காலைப் பதிவைத் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

“புதைஞ்ச கல் திரையில எப்படித் தெரியும், டாக்டர்?”

“வில்லு மாதிரி. எனக்கே பாடமா?”

“கிட்ட போறோம், தாண்டிப் போறோம். தூரம் மாறுது, அதனால வளையுது. உங்க பதிவுல முதல்லேர்ந்து கடைசி வரை ஒரே நேர்கோடு. அந்தப் பொருள் கூடவே வந்திருக்கு.”

“பனி அடுக்கா இருக்கும்.”

“நேத்து இதே பாதையில ஹெமி இழுத்தான். கோடு இல்ல.”

சறுக்குப்பலகையின் பேட்டரி மூடியைத் திறந்தாள். ஃபிர்த்தின் கம்பளிக் காலுறைக்குள் கல் இருந்தது.

பனிக்கு அடியில் இரும்புக் கற்கள் உண்டு என்று வருஷக்கணக்காக எழுதி வந்தவர் ஃபிர்த். ஒன்றுகூட அகப்படவில்லை. இந்தக் கல்லைத் தூரத்துக் குழியில் போட்டு மூடினால் ராடாரில் வில் தெரியும். அடுத்த வருஷம் வேறு ஆட்களோடு வந்து தோண்டினால் ஜெயித்துவிடலாம். அதற்குக் கல் காணாமல் போகவேண்டும், அதைத் திருட ஒரு ஆள் வேண்டும். பெட்டிக்கு மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது வேறு யாருக்கும் தெரியாது.

“பதிவை அழிச்சிடு, வென்னா. கட்டுரையில உன் பேரையும் போடுறேன்,” என்றார்.

வென்னாவின் கண்ணுக்கு இவரைவிடக் கேவலமான ஆள் அன்றைக்கு இல்லை.

விமானச் சத்தம் கேட்டது. ஹெமி கட்டிய மூட்டையை அவிழ்த்துத் தன் கூடாரத்துக்குள் எறிந்தான்.

“ரேடியோவுல ஒரு ஆள்னு சொல்லிட்டீங்க டாக்டர். சீட்டு காலியா போகக் கூடாது. ஏறுங்க.”