குடியிருப்பவர்: சாரதாம்பாள்

வெள்ளைச் சேலை நனைந்திருந்தது.

காலையில் கமலவேணி அதைக் கொடியில் போட்டபோது மொறுமொறுவென்று உலர்ந்திருந்தது. நனைய வேண்டிய அவசியமே இல்லாத சேலை அது. யாரும் கட்டுவதில்லை, யாரும் துவைப்பதும் இல்லை. தினமும் காலையில் பக்கத்து வீட்டுக் கொடியில் தொங்கவிடுவாள், சாயங்காலம் எடுத்து மடித்து அந்த வீட்டு ஜன்னல் கட்டையில் வைப்பாள். மூன்று வாரமாக இதே வேலை. தைப்பூசம் முடிந்ததிலிருந்து காஜா பேராங்கில் ஒரு சொட்டு மழை இல்லை, மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கடைவாசல்களில் கட்டிய காகிதக் கொடிகள்கூட ஐந்து மாத வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. இப்போது சேலையின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டி, மண்ணில் ஒரு சின்னக் குழியே விழுந்திருந்தது. கிட்டே போனால் துணி துவைக்கிற பார் சவுக்கார வாசனை.

"இந்தத் தியாகுவுக்கு விளையாட்டுக்கு ஒரு அளவே கிடையாது" என்று முணுமுணுத்துக்கொண்டே சேலையைப் பிழிந்தாள். பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது.

அந்தப் பலகை வீடு தம்பிராஜாவுடையது. அவர் இருப்பது செங் என்ற ஊர்ப் பக்கம். குடியிருந்தவர்கள் சாவியைக் கமலவேணியிடம் கொடுத்துவிட்டு செமாபோக்குக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. தம்பிராஜா அதற்கப்புறம் ஆள் வைக்கவில்லை. வீட்டு நிலத்தை வியாபார நிலமாக மாற்றித் தரும்படி முனிசிபல் அலுவலகத்துக்கு மனுப் போட்டுவிட்டார். வீட்டை இடித்துவிட்டு ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கூடம் கட்டப்போகிறாராம். அவருக்கென்ன, புகை அவர் மூக்குக்கா வரப்போகிறது?

அந்த வீட்டுச் சுவருக்கும் கமலவேணியின் அடுப்படிக்கும் நடுவே ஒரு வேலி, எட்டடி தூரம். அவள் மகள் சீதாவுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே இழுப்பு. ஊதுவத்திப் புகை பட்டாலே உதடு நீலமாகிவிடும். போன வருஷம் பக்கத்துச் சந்தில் குப்பை கொளுத்தியபோது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள் கமலவேணி. புகை கூடவே கூடாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் தன் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எந்த வேலை செய்தாலும் அவள் காது மட்டும் பிள்ளையின் மார்பிலேயே இருந்தது. மெல்லிய விசில் மாதிரி அந்தச் சத்தம். அது கேட்டுக்கொண்டிருந்தால்தான் அவளால் அரிசி களைய முடியும், துணி மடிக்க முடியும், தூங்க முடியும்.

யோசனை சொன்னது எதிர்வீட்டுத் தியாகு. வக்கீல் ஒருவரிடம் மனு, கடிதம் எழுதும் கிராணி வேலை பார்ப்பவன்.

"அக்கா, ஆள் குடியிருக்கிற வீட்ட அவ்வளவு லேசா மாத்த முடியாது. இருக்கிறவங்க சரின்னு சொல்லணும்."

"அங்கதான் யாருமே இல்லையேப்பா."

"இருக்காங்கன்னு எழுதுவோம். முன்ன இருந்தவங்க உள்வாடகைக்கு விட்டுட்டுப் போயிட்டாங்க. சாரதாம்பாள், விதவை, வெளிய அதிகமா வரமாட்டாங்க. எப்படி?"

புகைக்கூடம் வேண்டாம் என்று முனிசிபலுக்குத் தியாகு எழுதிய ஆட்சேப மனுவில் ஏழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சாரதாம்பாளின் கையெழுத்துக்குத்தான் ஆள் இல்லை. தியாகு பேனாவைக் கமலவேணியிடம் நீட்டினான். சீதா உள்ளே இருமிக்கொண்டிருந்தாள். கமலவேணி சாமி படத்தைப் பார்க்காமல் அந்தப் பெயரை எழுதினாள். எழுதி முடித்ததும், இவ்வளவு அழகான கையெழுத்து தனக்கு எப்போது வந்தது என்று தோன்றியது.

அதன் பிறகு அந்த வீட்டில் ஆள் இருப்பதாகக் காட்டுவது அவள் பொறுப்பாகிவிட்டது. காலையில் வாசலில் கோலம், கொடியில் சேலை. சாயங்காலம் கம்போங் செட்டிப் பக்கமிருந்து கோயில் மணி கேட்கிற நேரத்தில் முன்னறையில் விளக்கு. விளக்கை வைத்துவிட்டு வாசலைத் தாண்டும்போது, காலி வீடு என்ற நினைப்பே இல்லாமல், எல்லா வீட்டிலும் சொல்கிற மாதிரி "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுவாள். முதல் தடவை சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

சேலை நனைந்திருந்த மறுநாள் காலை, கோலமாவுக் கிண்ணத்தோடு போனாள். கோலம் ஏற்கெனவே போட்டிருந்தது. எட்டுப் புள்ளி, நடுவில் தாமரை. இடது ஓரத்தில் ஒரு இழை சரியாகச் சேராமல் விலகி நின்றது. சின்ன வயதிலிருந்தே கமலவேணி விடுகிற தப்பு அது, எத்தனை முறை போட்டாலும் அந்த இடத்தில் அவள் கை வழுக்கும். குனிந்து தொட்டுப் பார்த்தாள். மாவு ஈரமாக இருந்தது. அவள் கையிலிருந்த கிண்ணமோ இன்னும் நிறைந்திருந்தது.

அன்று சாயங்காலம் போனபோது விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்து பாதி காலை வைத்தவள் அப்படியே நின்றாள். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டின் பூஞ்சை வாடையும் கரையான் அரித்த பலகை வாடையும் அவளுக்குப் பழகியவை. அவற்றுக்கு மேலே இன்று வேறொரு வாசனை, அப்போதுதான் வடித்து இறக்கிய சோற்றின் ஆவி, கொஞ்சம் தாளித்த கடுகு, கூடவே நனைந்த துணியைப் பெட்டிக்குள் மடித்துவைத்தால் வருகிற புளித்த வாடை, எல்லாம் கலந்து அடுப்படியிலிருந்து மெதுவாக நகர்ந்து வந்து அவள் முகத்தில் படிந்தது. உள்ளே எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக் குழாயை மூடி எத்தனையோ நாளாகிறது.

உள்ளே போகவில்லை. கதவைச் சாத்தினாள். பழக்க தோஷம், வாய் தானாக "வரேன்" என்றது.

"சரி" என்றது உள்ளே ஒரு பெண் குரல்.

வேலியோரம் தியாகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கமலவேணி அவன் வழியை மறித்தாள்.

"தியாகு, நீயா விளக்கு வச்சே?"

"நான் எதுக்குக்கா வைக்கப்போறேன்? நேத்து நீங்க சேலைய எடுத்தப்ப அந்த அம்மா உங்களுக்குப் பின்னாலதானே நின்னாங்க. ஆளே கொண்டாந்துட்டீங்க. கெட்டிக்காரிதான் நீங்க."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் கணவனிடம் சொல்லிவிட்டாள். நடராஜன் அரசாங்க ஸ்டோரில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார்.

"இனிமே நான் அங்க போகமாட்டேங்க. பொய்யின்னு சொல்லிடுவோம்."

"சொன்னா? பொய்க் கையெழுத்துன்னு தம்பிராஜா கேஸ் போடுவாரு. என் வேல போயிடும், தியாகு வேல போயிடும். புகைக்கூடமும் வந்துடும்." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வியாழக்கிழமை அதிகாரி வராராம். அது வரைக்கும் பொறுத்துக்க கமலா."

உள்ளறையில் சீதாவின் மார்பு விசிலடித்தது. கமலவேணி அதைக் கேட்டபடியே சரி என்றாள். வேறு என்ன சொல்லிவிட முடியும்?

வியாழக்கிழமை மூன்று மணிக்குத் தியாகு வந்து வாசலில் நின்றான். "அந்த அம்மாவத் தயாரா இருக்கச் சொல்லுங்கக்கா. அதிகாரி நேர்ல பாக்கணுமாம்."

"நான் யாரையும் கூட்டிட்டு வரல தியாகு."

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. பக்கத்து வீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப நீங்கதான் உட்காரணும்" என்றான். "உங்கள அவருக்குத் தெரியாது. அஞ்சு நிமிஷந்தான்."

விதவை வேஷம். புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பொட்டை அழிக்க எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? அவளுக்கும் வரவில்லை. அடுப்படியில் நின்று அழுதாள். பிறகு சீதாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குங்குமத்தைத் துடைத்தாள். வளையலைக் கழற்றினாள். தாலியை ரவிக்கைக்குள் ஒளிக்கப் பார்த்தாள், மஞ்சள் கயிறு கழுத்தோரம் தெரிந்தது. நடராஜன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தாலியைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் குங்குமச் சிமிழோடு வைத்தாள்.

"சீதா, இதத் தொடக்கூடாது. அம்மா இப்ப வந்துடுவேன்."

ஜன்னல் கட்டையில் இருந்த வெள்ளைச் சேலை இன்னும் ஈரமாகவே இருந்தது. வேறு வெள்ளைச் சேலை இல்லை. கட்டிக்கொண்டாள். உடம்போடு ஒட்டியது. பிப்ரவரி வெயில் வெளியே கொளுத்த, அவளுக்குப் பல் கிட்டியது.

முன்னறையில் பாயில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அடுப்படி. தண்ணீர் சொட்டுகிற சத்தம். சொட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சொட்டு. சத்தம் அடுப்படியிலிருந்து நடைக்கு வந்தது. நடையிலிருந்து பாய்க்குப் பக்கத்தில். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏதோ ஒன்று அவளைக் கடந்து வாசல் வழியாக வெளியே போனது. படி கிறீச்சென்றது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு சொட்டுகிற சத்தமே இல்லை.

மணி ஐந்தரைக்கு மேல் அதிகாரி வந்தார். ஷரீஃபுதீன் என்று பெயர். கண்ணாடி போட்ட சாந்தமான மனிதர். நாற்காலி இல்லாததால் நின்றபடியே காகிதத்தை விரித்தார்.

"பேரு சொல்லுங்கம்மா."

"சாரதாம்பாள்."

தடுமாறாமல் வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

"எத்தனை மாசமா இருக்கீங்க?"

"ஆறு மாசம். இந்த அடுப்படியிலதான் படுத்துக்குவேன். மழ வந்தா ஒழுகும்."

இதைத் தியாகு சொல்லித்தரவில்லை. யார் சொல்லித்தந்தார்கள்? அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி கவனிக்காமல் எழுதினார்.

"சரியா இருக்கு. பக்கத்து வீட்டு அம்மாவும் இதையேதான் சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"கமலவேணி. இப்பதான் அவங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டு வரேன். நல்ல மாதிரி. பிள்ளைய மடியில வச்சிக்கிட்டே பேசினாங்க."

கமலவேணி எழ முயன்றாள். சேலை கனத்தது.

"கவலப்படாதீங்க. தம்பிராஜா மனுவத் தள்ளிடுவோம்" என்று பேனாவை மூடினார் அதிகாரி. "ஒண்ணு மட்டும். நீங்க இங்க இருக்கிற வரைக்கும்தான் இது வீட்டு நிலம். நீங்க போயிட்டா அவர் மறுபடியும் மனு போடுவாரு, நாங்க குடுத்துதான் ஆகணும். பாத்துக்குங்க."

ஒரு தாளைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். குடியிருப்பவர்: சாரதாம்பாள்.

ஓடினாள். ஓடியதாகத்தான் நினைத்தாள், ஈரச் சேலை காலைப் பின்னி ஒவ்வொரு அடியாகத்தான் விட்டது. வேலிக் கதவு வரைக்கும் எட்டே அடி. நடராஜன் வாசலில் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். அவர் முகத்தில் நிம்மதி, மரியாதை, அவ்வளவுதான்.

"வாங்கம்மா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சாமே. ஏதாச்சும் வேணுமா?"

"என்னங்க, நான் கமலா."

அவர் சங்கடத்தோடு உள்ளே திரும்பினார். "கமலா, இங்க வா. இந்த அம்மாவுக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"வரேங்க."

அவளுடைய குரல். அவளுடைய வீட்டுக்குள்ளிருந்து.

கோயில் மணி அடித்தது. அவள் வீட்டு ஜன்னலில் விளக்கு ஏறியது. கமலவேணி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சாமி படத்துக்கு முன்னால் தாலி இல்லை. பாயில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம். கழுத்தில் மஞ்சள் கயிறு. கமலவேணியின் பச்சைச் சேலை. அந்தச் சேலையின் ஓரம் சொட்டிக்கொண்டிருந்தது.

மடியில் சீதா.

"சீதா" என்று கத்தினாள். "சீதா, அம்மா இங்க இருக்கேன்டா."

பிள்ளை திரும்பவில்லை. பாயில் இருந்தவள்தான் தலையைத் தூக்கினாள். கமலவேணியின் முகம்தான், கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்.

"விளக்கு வைக்கிற நேரம். வீட்ட இருட்டாப் போடாதீங்க" என்றது அந்த முகம், அன்பாகத்தான். "நீங்க போயிட்டா புகை வந்துடும்."

கமலவேணியின் விரல்கள் வேலியில் இறுகின. இங்கே நின்று சண்டை போடலாம், கத்தி ஊரைக் கூட்டலாம், தெருவோடு ஓடிப்போகலாம். ஓடினால் அந்த வீடு காலி. காலியானால் கூடம். கூடம் வந்தால் புகை. பிள்ளை சாகும். பின்னால் பக்கத்து வீடு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருட்டாக நின்றது.

பிள்ளை நன்றாக இருந்தால் போதும். அதை மட்டும் தெரிந்துகொண்டு போய்விடலாம். எப்போதும் செய்வதுபோல் மூச்சை அடக்கி, காதைத் தீட்டி, எட்டடி தூரத்தில் அந்த மெல்லிய விசிலைத் தேடினாள். விசில் இல்லை. இழுப்பு நின்றுவிட்டது. ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

இன்னும் கேட்டாள்.

அந்தப் பெண் ஈரக் கையால் சீதாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முடியிலிருந்து தண்ணீர் இறங்கிப் பாயில் பரவியது. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. மூச்சே கேட்கவில்லை.

சீதா மெதுவாகத் திரும்பி, நீல உதட்டோடு அவளைப் பார்த்துச் சிரித்தாள்.